குகையிருளும் ஆணவமும்

ஆணவ மலத்தை இருள் என்று வழங்குதல் நம் சாத்திரங்களில் ஆட்சிப்பட்ட வழக்கு. உமாபதிசிவனார் திருவருட்பயனுள் அம்மலத்தின் இயல்பு கூறும் மூன்றாம் அதிகாரத்திற்கு இருள்மல நிலை என்றே பெயரிட்டார். இவ்வழக்குப்பற்றி இக்காலத்து இளைஞர்க்கு ஓர் ஐயம் நிகழ்கின்றது. இருளென்பது தனியே ஒரு பொருளன்று, ஒளியின்மையே இருள் என்பது அவர் பள்ளியிற் கற்கும் பாடம். அங்ஙனமாயின், இருளோடு உவமிக்கப்பட்ட ஆணவமும் பொருளன்றாய், அறிவின்மை என்னும் வெறும் இன்மையாய் முடியாதோ? முடியுமாயின், பதி பசு பாசம் என்னும் மூன்றும் அநாதி நித்தியம் என்ற நம் கொள்கைக்கு அடிக்கல் ஒன்று பெயர்ந்ததாகுமன்றோ? இல்லாத ஒன்றன் வலிகெடுத்தற்பொருட்டு இறைவன் ஐந்தொழில் இயற்றுதலும், ஆசாரிய மூர்த்தமாய் எழுந்தருளுதலும் மிகையாகுமன்றோ? இது சிறியோர் வினாவென்று தள்ளற்பாலதன்று. சித்தாந்தம் முழுவதும் இவ்வொரு விடையின்மேல் நிற்கின்றதென்றே கூறலாம்.

இவ்வினா எம்பால் தமிழ் பயிலும் ஞாயிற்று வகுப்பு மாணாக்கருள் ஒருவன் வாயிற் பிறந்தது. பிறந்த இடமும் அதற்கு ஏற்ற இடமே.

எம்மூர் திருவையாற்றுக்கு அணித்தாய்க் காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே கிடக்கும் வயற்சிற்றூர். தஞ்சை நாட்டுச் சமவெளி ஆறுகள் ஊழிதோறும் கொணர்ந்து பரப்பிய வண்டல் நிலமாகும். எங்கள் ஊரிற் கிணறு தோண்டுவார்க்கு மணலும் களியும் மாறிமாறி வருமன்றிப் பாறை தட்டுவதில்லை. 1010ஆம் ஆண்டில் விமானத்துத் தூபி ஏறப்பெற்ற இராசராசேச்சரத்திற்கும் கல் புறநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆதலின் மலை, முழை, விடர், அளை என்னும் சொற்களுக்கு நிகண்டு நோக்கிப் பொருளெழுதும் எம் சிறார் அப்பொருள்களைக் கண்ணாற் கண்டாரல்லர். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் இவர்க்கு இவ்விடயத்தில் உரையளவை ஒன்றே கிட்டிற்று. அக்குறை நீக்கக் கருதி அவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றோம்.

குகையென்னும் சொல்லைப்பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் பொருந்தும். அது மறைத்தற் பொருளுடைய வடமொழி வேரடியாகப் பிறந்தது. பாறையே இல்லாத இச்சோழ நாட்டிலும் குகைகள் பல இருந்தன. அவை துறவிகள் உறைந்த மடங்கள். மலைக்குகையில் இருந்து தவம் புரிவோர்க்குரிய பெயர், மருதநிலத்திற் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டிய உறையுளுக்கும் ஏறிற்று. மூன்றாங் குலோத்துங்கன் காலத்தில் (1178–1218) அத்தகைய மடங்கள் இடிக்கப்பட்ட செய்தியைக் குகையிடி கலகம் என்று திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டொன்று குறிக்கின்றது. அதனை வகுப்பிற் சொல்லக்கேட்ட மாணாக்கர், திருத்துறைப்பூண்டியில் மலை இருந்து பின் அழிந்துபட்டதோ என்று வினவினர். கண்டறியாத சொல் எத்துணை இடர் விளைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கு ஏழடிப்பட்டம் என்னும் இயற்கை முழையும், அறிவர் கோயில் என்னும் குடைவரையும் ஒரே குன்றில் அமைந்துள்ளன. முன்னது மேற்பாறை தானே கவிந்தும் கீழ்ப்பாறை தளமாய்ப் பரந்தும் அமைந்த இடம். பின்னது உளிகொண்டு குடைந்து செய்தது. பாறையில் வெட்டிய ஏழு படிகளால் முன்னது அப்பெயர் பெற்றது. அதன் தளத்தில் சமண முனிவர் கிடந்த 17 கற்படுக்கைகள் உள. ஒவ்வொன்றும் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டுத் தலைமாட்டில் அணைபோலச் சிறிது உயர்த்தப்பட்டுள்ளது. அவற்றுட் பெரியதன் பக்கத்தே பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டொன்று உண்டு. கிறித்து பிறப்பதற்கு முன் இரண்டு அல்லது முதல் நூற்றாண்டினது அஃது என்பர் கல்வெட்டறிஞர். பிறிதோர் ஊரிற் பிறந்த துறவி ஒருவர்க்கு இளையர் செய்துகொடுத்த அதிட்டானம், அஃதாவது இருக்கை, என்பது அதன் கருத்து. ஏனைய படுக்கைகளருகே திருநீலன், திருச்சாத்தன் முதலிய பெயர்கள், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளின் எழுத்தமைதியில் வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஒரே பாறைமேல் தவத்தோர் வழிவழி வந்து கிடந்தனர் என்பது இவற்றாற் போதரும்.

எம் மாணாக்கர் எதிர்பார்த்தது வேறு. கையகல வாயிலும், கன்னங்கரிய ஆழமும், வௌவாற் கூட்டமும் உடையதே குகையென்று அவர் எண்ணியிருந்தனர். ஏழடிப்பட்டமோ ஒரு பக்கம் வெளியை நோக்கித் திறந்தது. உள்மூலையிலும் பகலில் மங்கலேயன்றி இருளில்லை. "இவ்வளவுதானா ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள். "ஆம், அம்மா. நெடுந்தொலைவு வரை தெரிய வேண்டும். வெயிலும் மழையும் மேலே விழலாகாது. துறவிக்கு வேண்டியது இவ்வளவே" என்றோம். அவள் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. அவர் தேடிய இருள் அறிவர் கோயிற் கருவறையிற் கிடைத்தது.

உச்சிவெயிலிற் பாறைமேல் நடந்து வந்து அக்கருவறையுட் புகுந்தவுடன் ஒருவர்க்கும் ஒன்றும் புலப்படவில்லை. இருவர் "ஒன்றுமே இல்லை" என்று உடனே வெளியேறித் தாமரைப்பொய்கை ஓவியத்தைக் காணச் சென்றனர். நின்றவர்க்கு முதலிற் சுவர் தோன்றிற்று. பின்பு சுவரில் ஏதோ புடைப்புத் தோன்றிற்று. சிறிது பொழுதிற்குப்பின் பின்சுவரில் அமர்ந்த கோலத்து மூன்று திருவுருவங்களும் தெரிந்தன. காவலாளர் கைவிளக்கை ஏற்றியபின் எல்லாம் விளங்கின. அப்பொழுதுதான் மேல்வகுப்பிற் பயிலும் மாணாக்கன் ஒருவன், "ஐயா, விளக்கு வந்ததும் இருள் எங்கே போயிற்று? போவதற்கு அஃது ஒரு பொருளாக இருந்தால்தானே? தாங்கள் ஆணவத்தை இருள் என்றும் கூறுகிறீர்கள், பொருள் என்றும் கூறுகிறீர்கள்" என்றான்.

இவ்வழக்குப் பழையது. நையாயிகரும் வைசேடிகரும் இருளை ஒளியினது அபாவம் என்று கொண்டனர். மீமாஞ்சகருட் பட்டர் வழியினர், இருளுக்குக் கருநிறம் உண்டு, நிழல் அசைதலின் இயக்கமும் உண்டு, குணமும் தொழிலும் உடையது திரவியமேயாம் என்று வாதித்தனர். நம்மவருட் சிலர் இப்பின்னவர் வாதத்தை இரவல் வாங்கி, இருள் பொருளாதலின் ஆணவமும் பொருள் என்று நிறுவ முற்படுவர். அது வேண்டாத வேலை என்பது எம் கருத்து. நிழல் அசைவது ஒளியை மறைக்கும் பொருள் அசைவதனால் என்று சிறுவனும் அறிவான். இருளைத் திரவியமெனக் காட்டும் முயற்சியோடு ஆணவத்தின் உண்மையையும் சேர்த்துக் கட்டுவோமாயின், அது வீழும்போது இதுவும் வீழ்ந்ததென்றே கேட்போர் கொள்வர்.

அற்றேல், அவ்வுவமை யாது பயன் கருதிற்று எனின், கூறுதும். உவமை ஒருபுடை ஒப்புமைத்து. இருள் ஈண்டு உவமையாயது மறைத்தல் தொழில் ஒன்றுபற்றியே. அதன் பொருட்டன்மை பற்றியன்று. உமாபதிசிவனார் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிடுங்கால் அவற்றின் ஒற்றுமையோடு வேற்றுமையும் உடன்காட்டுதல் இதனை வலியுறுத்தும். இருள் பிறபொருளை மறைப்பினும் தன்னை மறையாது. கருவறையுள் நின்ற மாணாக்கன் 'யான் இருளில் நிற்கின்றேன்' என்று அறிந்தமையாலன்றோ வினா எழுப்பினான்? ஆணவமோ பிறவற்றோடு தன்னையும் மறைத்து நிற்பது. அதனாற் பிணிப்புண்டவன் 'யான் அறியாமையில் உள்ளேன்' என்று அறியான். அறிந்ததாகவே எண்ணிப் பிறர்க்குக் கற்பிக்கவும் புகுவான். (எம்போன்ற ஆசிரியர்க்கு இதனை நினைக்குந்தோறும் நாத்தடுமாறும்.)

இனி, ஆணவம் அறிவின்மை மாத்திரையே ஆகாதோ எனின், ஆகாது. என்னை? அக்குன்றின் கல்லுக்கும் பார்வையில்லை. படலம் மூடிய கண்ணுக்கும் பார்வையில்லை. கல்லைக் குருடென்பார் ஒருவருமிலர். காணும் இயல்புடைய ஒன்று காணாதாகிய வழியே குருடென்னும் சொல் நிகழும். நிகழ்ந்தவழி, காணவொட்டாது தடுப்பது யாது என்னும் வினாவும் உடன் நிகழும். உயிர் சித்துப்பொருள், அறிதல் அதன் இயல்பு. அறியும் இயல்பினது அறியாது கிடப்பின் அதற்குத் தடை வேண்டும். தடை வேண்டா, குறைந்த அறிவே உயிரின் இயல்பு என்பாராயின், இயல்பு மாறாதாகலின் வீடுபேறு என்பது ஒருவர்க்கும் இன்றாம். தடை இடையே வந்தது என்பாராயின், தூய உயிரை அஃது ஏன் வந்து பற்றிற்று என்பதற்கு விடையின்றாம்; வீடுற்றபின்னும் மீட்டும் வந்து பற்றுதல் கூடும் என்பதும் பெறப்படும். ஆகவே உயிரின் இயல்பாகாததாய், உயிரின் வேறாயதாய், எனினும் தொடக்கமின்றி அதனோடு உடனிருப்பதாய் ஒரு பொருள் கொள்ளவேண்டிற்று. அதுவே சகசமலம் எனப்பட்டது. இவ்வாராய்ச்சியில் உலகத்து இருள் யாண்டும் புகவில்லை என்பதை நோக்குக. அவ்விருள் பொருளேயாகுக, இன்மையேயாகுக, இதற்கு இழுக்கில்லை.

இவ்வளவும் கேட்ட மாணாக்கன், "அப்படியானால் வேறு உவமை சொல்லலாமே, ஐயா" என்றான். சாத்திரத்திலேயே உண்டு, தம்பி. அதுவும் நம் வயலில் உண்டு என்றோம். செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் ஆணவத்துக்குத் தொன்றுதொட்ட உவமைகள். உமியைப்பற்றிப் பிறநாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டும். காவிரி நாட்டுப் பிள்ளைக்கு வேண்டுவதில்லை. கதிர் வெளிப்பட்டுப் பூத்த நெல், பால் கட்டி, முற்றி, ஏறத்தாழ 30 நாளில் விளைகின்றது. பால் கட்டும் பருவத்தில் ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் வெண்பால் கசியும். அரிசி இன்னும் இல்லை. ஆனால் உமி அதற்கு முன்பே முழுவளவில் நிற்கின்றது. அரிசி முன்னே உண்டாக உமி பின்வந்து மூடியது என்று எவ்வுழவனும் சொல்லான். அரிசி உண்டாகும்போதே உமிக்குள் உண்டாகின்றது. உயிருக்கு மலம் என்று வந்தது என்று வினவுவார்க்கு இதனினும் எளிய விடை எமக்குத் தெரியாது. உடனே ஒரு சிறுவன், "உமி மட்டும் இருந்து அரிசியே இல்லாத பதரும் உண்டே, ஐயா" என்றான். எல்லாரும் நகைத்தனர். உவமையை அவ்வெல்லைக்குமேல் இழுக்கலாகாது என்பதற்கு அவனே சான்று தந்தான்.

உமியுவமைக்கு மற்றொரு குறையும் உண்டு. குத்தி நீக்கியபின் உமி அரிசியைவிட்டு அறவே அகன்றுவிடும். ஆணவமோ முத்தியினும் அழிவதில்லை. அதன் மறைக்கும் வலி ஒன்றே மடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. இதனை விளக்குதற்கு உமி உதவாது. இருளும் ஒளியுமே உதவும். ஆகவே ஓருவமையை விட்டு மற்றொன்றைப் பற்றுதல் நம் ஆசிரியர்க்கு நேர்ந்த தடுமாற்றமன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூற்றை விளக்க வந்தது.

அக்கருவறையிலே நிகழ்ந்த ஒன்று எமக்கு இவ்விரண்டினும் சிறந்த உவமையாகத் தோன்றுகின்றது. நாங்கள் புகுந்த நொடியில் வாயில் வழியே வந்த ஒளியும், மூன்று உருவமும் கண்டபொழுது வந்த ஒளியும் அளவில் ஒன்றே. கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. முன் காணாத கண் பின் கண்டது. ஆகவே முன்னர்க் காணாமைக்கு ஒளியின்மை காரணமன்று. தடை கண்ணின்பாற் கிடந்தது. இக்காலத்து உடல்நூலார் இதன் காரணத்தை நன்கு அறிந்துள்ளனர். கண்ணின் உட்படலத்தில் ஒளியை ஏற்கும் நிறப்பொருள் ஒன்று உண்டு. கடும்வெயிலில் அது வெளுத்து வலியிழந்துவிடுகின்றது. மங்கிய இடத்தில் நின்றால் மெல்ல மெல்ல மீண்டும் ஊறுகின்றது. முற்றும் ஊறுதற்கு அரைமணி நேரம்வரை செல்லும். ஆதலின், ஒளியின்மையே இருள் என்று பள்ளியிற் கற்ற மாணாக்கனுக்கு அவ்வறிவியலே மற்றொரு பாடத்தையும் தருகின்றது: ஒளி இருந்தும் காணாமை உண்டு.

திருவருள் இல்லாத இடமும் காலமும் இல்லை. அஃது யாண்டும் நிறைந்திருப்பவும் உயிர் அதனைக் காணாதது ஏன் என்னும் வினாவிற்கு நம் நூல்கள் மலபரிபாகம் என்று விடை கூறும். பரிபாகமாவது பக்குவப்படுதல், அதற்குக் காலம் செல்லும். பக்குவப்படுங்கால் அருள் புதிதாக வருவதன்று. அருளைத் தடுத்தது வலிகுன்றுகின்றது. எனினும் இவ்வுவமையும் ஒருபுடையதே. கண் தானே தெளிகின்றது. உயிரோ தானே தெளியாது. மலம் சடமாகலின் தானே பழுக்கவும் மாட்டாது. மலத்தோடு உடன்நின்று அதனைத் தொழிற்படுத்தி வலிகெடச் செய்வது இறைவனது மறைப்பாற்றலாகிய திரோதான சத்தி. மலத்தின் வழிநின்று மறைத்தலின் அவ்வருட்சத்தியையே மலம் என்று உபசாரமாக வழங்குவதும் உண்டு. கருவறையுள் எங்கள் மாணாக்கர் நின்றதும் தாமாக அன்று. யாம் "சற்றுப் பொறுங்கள்" என்று நிறுத்தினமையால் நின்றனர். வெளியேறிய இருவரும் திரும்பிவந்து, தாம் கண்டது வெறும் அறையே என்று நெடுநேரம் சாதித்தனர்.

குகையையும் அறியாமையையும் இணைத்துப் பேசினார் மேனாட்டிலும் உளர். கிரேக்க ஞானி பிளேட்டோ, கிறித்து பிறப்பதற்கு முன் 4ஆம் நூற்றாண்டில், தம் குடியரசு என்னும் நூலின் ஏழாம் பகுதியில் ஒரு குகையைப் புனைந்துரைத்தார். அதனுள் பிறந்தநாள்தொட்டுக் கட்டுண்டவர், தம் பின்னே எரியும் தீயொளியாற் சுவரில் விழும் நிழல்களையே மெய்ப்பொருள் என்று எண்ணியிருப்பர். ஒருவனைக் கட்டவிழ்த்து வலிந்து மேலேற்றினால் முதலிற் கண்கூசி, பின் படிப்படியே பழகி, முடிவில் ஞாயிற்றையே காண்பான். கண் பழகுதற்குக் காலம் வேண்டும் என்பதைப் பிளேட்டோ நன்கு கண்டிருத்தல் வியக்கத்தக்கது. ஆயின் அவர் கூறியது நிழலைப் பொருளெனக் கொள்ளும் திரிபுணர்ச்சி. நம் நூல்நெறியில் அது மாயையின் காரியங்களைக்கொண்டு நிகழும் மயக்கத்திற்கே நேராகும். அங்கே தீயும் ஒளியும் உண்டு, ஏதோ ஒன்று தோன்றவும் செய்கின்றது. ஒன்றுமே தோன்றாத ஆணவத் தனிநிலையாகிய கேவலத்துக்கு அவர் குகையில் இடமில்லை. மேலும், கட்டுண்டவனை அவிழ்ப்பவன் யார், அவன் ஏன் வந்தான் என்பதை அவர் விரித்துரைத்திலர். நமக்கோ அதுவே தலையாய செய்தி.

எம் நண்பர் ஒருவர், திருமுறையில் ஆழ்ந்த பற்றுடையவர், இச்செலவைக் கேள்வியுற்று, "சைவப் பிள்ளைகளைச் சமணர் குகைக்கா அழைத்துப்போவது? நாவரசர் பட்டதெல்லாம் மறந்து போயிற்றா?" என்று கடிந்தார். அவர் வருத்தத்தை இகழ்கின்றோமல்லோம். எனினும் அருணந்திசிவனார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் நிகண்டவாதியையும் ஆசீவகனையும் மறுக்குமுன் அவரவர் கொள்கையை அவரவர் கூறுமாறே எடுத்துவைக்கின்றார். கேட்டறியாத கொள்கையை மறுத்தல் அவர் காட்டிய நெறியன்று. அக்கற்படுக்கைகளின்மேற் கிடந்தார் கொண்ட கொள்கையை உற்று நோக்கின், எம் மாணாக்கன் வினாவிற்கு அவரும் நம் பக்கமே நின்று விடையிறுப்பர். சமணர்க்கு வினையென்பது வெறும் சொல்லன்று. நுண்ணிய சடப்பொருளாய் உயிரோடு ஒட்டுவது. உயிரை மறைப்பது ஓர் இன்மையன்று, பொருளே என்பதில் அவரும் நாமும் உடன்பாடு. அப்பொருளைத் தம் தவ முயற்சி ஒன்றாலே உதிர்த்துவிடலாம் என்று அவர் கருதினர். உதிர்க்கும் முதல்வன் ஒருவனை வேண்டிலர். அங்கேதான் நாம் பிரிகின்றோம். கட்டுண்டவன் தன் கட்டைத் தானே எப்படி அவிழ்ப்பான் என்று நாம் கேட்போம். அவர் அக்கல்லின்மேற் கிடந்து உடலை வருத்தியதைக் கண்ணாற் கண்டாலன்றி, அக்கேள்வியின் கூர்மையும் அவர் விடையின் கடுமையும் பிள்ளைகட்கு விளங்கா. ஒருவன் அப்படுக்கையொன்றிற் படுத்துப்பார்க்க விரும்பினான், காவலாளர் விடவில்லை. விடாதது நன்றே. அருகே அண்மைக்காலத்தார் பலர் தம் பெயரைக் கல்லிற் கீறிவைத்திருந்தனர். திருச்சாத்தன் பெயரும் அங்கே உள்ளதுதான். ஆனால் அவன் தவத்தாற் கிடந்த இடத்தில் உள்ளது. இவரோ ஒருநாழிகை நின்றுபோன இடத்திற் பெயரை விட்டுச் சென்றனர். யான் எனதென்னும் செருக்கு எத்தகைத்து என்று வினவிய மாணாக்கர்க்கு அதனைச் சுட்டிக்காட்டினோம்.

அடுத்த ஆண்டு எங்குச் செல்வதென்று மாணாக்கர் இப்பொழுதே கேட்கத் தொடங்கியுள்ளனர். சிராப்பள்ளி மலைக்கோட்டை என்றோம். தாயுமானவர் எழுந்தருளிய தலமாதலின் எம் நண்பரும் மகிழ்ந்து, தாமும் உடன்வருவதாகக் கூறியுள்ளார். அம்மலையின் உச்சிப்பகுதியிலும் சமணர் படுக்கைகள் உள்ள இயற்கை முழை ஒன்று உண்டென்பதை அவரிடம் யாம் இன்னும் தெரிவிக்கவில்லை.